எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கருக்கு வால்வு ஆம்ப்பா, டிரான்சிஸ்டர் ஆம்ப்பா?

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வாங்கியவுடன் எல்லோரும் கேட்பது, "எத்தனை வாட் ஆம்ப் போடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த ஆம்ப் ஒரு கப்பாசிட்டரை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் மின்தேக்கியை, சமாளிக்குமா?

இந்த ஸ்பீக்கரே ஒரு பெரிய கப்பாசிட்டர்தான். துளையிட்ட இரண்டு தகடுகள், நடுவே சில மைக்ரான் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் படலம், அதன் மேல் ஆயிரக்கணக்கான வோல்ட். ஆம்ப் தரும் சில பத்து வோல்ட்டை உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பல மடங்கு ஏற்றித் தகடுகளுக்குக் கொடுக்கிறது. ஏற்றும் மடங்கு எத்தனையோ, அதன் வர்க்க அளவுக்கு ஆம்ப் பார்க்கும் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, அளவு ஓமில்) இறங்கிவிடும். அது இறங்க இறங்க ஆம்ப் அதிக மின்னோட்டம் தர வேண்டும். அதிர்வெண் கூடக்கூட இன்னும் இறங்கும். 1957இல் குவாட் நிறுவனம் கொண்டுவந்த ஈஎஸ்எல் என்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர், பேஸில் (தாழ்ந்த ஒலியில்) 30 ஓம் சொச்சம் காட்டும், ட்ரெபிளின் (உயர்ந்த ஒலியின்) உச்சியில் 2 ஓம் பக்கம் வந்துவிடும். மார்ட்டின் லோகன் நிறுவனத்தின் ஹைப்ரிட்கள் (பேஸுக்கு மட்டும் சாதாரண ஸ்பீக்கர் சேர்த்தவை) சிலவற்றில் அது 1 ஓமுக்கும் கீழே போகிறது.

அந்தப் பழைய குவாட்டுக்கு நான் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்தான் சொல்வேன். காரணம் பாதுகாப்பு. அதன் உச்ச வரம்பு 33 வோல்ட். அதே நிறுவனத்தின் 15 வாட் வால்வு ஆம்ப்பான குவாட் II, 16 ஓமில் முழு மூச்சில் ஓடினாலும் 22 வோல்ட்டைத்தான் தொடும். 8 ஓமில் 100 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் உச்சமோ 40 வோல்ட். வரம்பைத் தாண்டினால் தகட்டுக்கும் படலத்துக்கும் இடையே பொறி பாயும். 'டிக்' என்று ஒரு சத்தம், படலத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. அந்தப் பேனலைப் பிரித்துச் சரிசெய்வது சாதாரண வேலை இல்லை. 1981இல் வந்த குவாட்டின் அடுத்த ஸ்பீக்கரான ஈஎஸ்எல்-63இல் இதற்கென்றே காப்புச் சுற்று வைத்தார்கள்.

வால்வுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்புக்குள்ளேயே இருக்கும் தடை, அதிகம். ஆம்ப்பில் 1 ஓம், ஸ்பீக்கரில் 20 கிலோஹெர்ட்ஸில் 1 ஓம் கப்பாசிட்டர் சுமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே 3 டெசிபல் போய்விடும். வயலின் வில் கம்பியில் உரசும் அந்த மெல்லிய கரகரப்பு முதலில் மங்கும். பழைய குவாட்டில் இது பெரிதாக உறுத்தாது. 1 ஓமுக்குக் கீழே இறங்கும் ஹைப்ரிட்டில் நிச்சயம் தெரியும்.

அங்கே டிரான்சிஸ்டர் ஜெயிக்கிறது, ஆனால் எல்லா டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் இல்லை. கப்பாசிட்டர் சுமை சக்தியைத் தின்பதில்லை, திருப்பி அனுப்புகிறது. அதனால் எழும் சூடு முழுவதும் ஆம்ப்பின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில்தான் இறங்கும். ஒருமுறை நல்ல வாட் கணக்குள்ள ஒரு ஆம்ப்பை ஹைப்ரிட் ஜோடியில் மாட்டினேன். சிம்பல் ஓங்கி அடித்த இடத்தில் டொக்கென்று ரிலே விழுந்து, அறை அமைதியானது. காப்புச் சுற்று பயந்துவிட்டது. அதிலிருந்து நான் பார்ப்பது 8 ஓம் வாட்டை இல்லை. 4 ஓம், 2 ஓம் என்று இறங்கும்போது வாட் ஏறக்குறைய இரட்டிப்பாகிறதா என்பதைத்தான்.

கிளாஸ் டி (டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும் ஆம்ப் வகை) பற்றிச் சுருக்கமாக: வெளியீட்டு ஃபில்டருக்கு முன்னாலேயே ஃபீட்பேக் (தன் வெளியீட்டைத் திருப்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் சிக்னல்) எடுக்கும் பழைய வடிவமைப்புகளில் ட்ரெபிள் சுமைக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஃபில்டருக்குப் பின்னால் எடுப்பவை பரவாயில்லை.

அப்புறம் மூன்றாவது வழி ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1970களில் அக்கூஸ்டாட், பெவரிட்ஜ் என்ற இரண்டு ஸ்பீக்கர் நிறுவனங்களும் டிரான்ஸ்ஃபார்மரையே தூக்கிவிட்டு, வால்வுகளின் உயர் மின்னழுத்தத்தை நேரடியாகத் தகடுகளுக்குக் கொடுத்தன. இம்பீடன்ஸ் சிக்கலின் வேரே அறுந்துவிடுகிறது. ஆம்ப்பைத் தனியாக மாற்றிப் பார்க்க வழியில்லை என்பது ஒரு குறை. இன்னொன்று, பழுது பார்க்க மூடியைத் திறப்பவருக்கு: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் அளவுக்கு மின்னூட்டம் நிற்கும். அதை வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.