பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய பித்தளை பில்டர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பாத்திரக்கடை ஒன்றில் வாங்கிய பித்தளைக் கோப்பி பில்டரை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கனத்திலும் மூடியின் பொருத்தத்திலும் குறையில்லை. ஆனால், மேலடுக்கின் துளைகள் சற்றுப் பெரியவை என்பதால், நைசாக அரைத்த தூள் முதல் வாரம் முழுவதும் டிகாஷனோடு இறங்கிக் கோப்பையின் அடியில் சேறாகத் தங்கியது. சற்றுக் கொரகொரப்பான தூளை 3 மேசைக்கரண்டி இட்டு, குடைத்தட்டால் (தூளை அழுத்தும் காம்புள்ள தட்டு) மெல்லச் சமப்படுத்தி, கொதி அடங்கிய நீரை ஊற்றி 20 நிமிடம் காத்திருந்தபோதுதான் கெட்டியான, மணமுள்ள டிகாஷன் கிடைத்தது. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுக்கும் நம்மூர்க் கோப்பித் தூளை ஆசைக்கு ஒருமுறை இட்டுப் பார்த்தேன். துளைகளில் பிசுபிசுப்பு ஏறியதுதான் மிச்சம், அதற்குத் துணி வடிகட்டியே பொருத்தம். சிக்கரி 20 விழுக்காட்டைத் தாண்டாத கலவை இந்த பில்டருக்கு நன்றாகப் பொருந்துகிறது. புளி போட்டுத் துலக்கச் சோம்பல்படுபவர்கள் எவர்சில்வர் பில்டரையே வாங்கலாம்.