பிரிக்ஃபீல்ட்ஸ் கடை நடராஜர்: விலையைக் கேட்கும் முன் கைகளைப் பாருங்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைப் பக்கத்துப் பூசைப் பொருள் கடைகளில் நடராஜர் பெரும்பாலும் மூன்று தரத்தில் வருகிறார்: ரெசின், மணல் வார்ப்புப் பித்தளை, சுவாமிமலை மெழுகு வார்ப்பு. காசுக்கேற்ற தோசை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தச் சிலையில் ஒரு கை இடம் மாறினால் பொருளே மாறிவிடும்.

பின் வலக்கையில் துடி என்னும் உடுக்கை, பின் இடக்கையில் தீ. முன் வலக்கை அபயம். முன் இடக்கை குறுக்கே வந்து, தூக்கிய இடக்காலைக் காட்டும். ஊன்றிய வலக்காலுக்குக் கீழே அறியாமையின் உருவான குள்ளன் முயலகன். 13ஆம் நூற்றாண்டில் மனவாசகம் கடந்தார் பாடிய உண்மை விளக்கம் என்னும் சைவ சித்தாந்த நூல் இறைவனின் ஐந்தொழிலையும் இந்த உடம்பிலேயே வைக்கிறது: துடியில் படைப்பு, அபயக்கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய பாதத்தில் மறைப்பு, தூக்கிய பாதத்தில் அருள். சுற்றியுள்ள சுடர் வளையமான திருவாசி ஓங்காரம். எழுத்தறியாதவரும் மேலிருந்து கீழாகப் பார்த்தே சித்தாந்தத்தைப் படித்துவிடலாம்.

ரெசின் சிலைகளில் சில கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறி வருகின்றன. வலக்காலைத் தூக்கியிருந்தால் மதுரை வெள்ளியம்பலத்துக் கால்மாறி ஆடிய கோலம் என்று கடைக்காரர் சமாளிப்பார். துடியும் இடக்கைக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் அது மதுரை இல்லை, அச்சுப் பிழை.

மணல் வார்ப்பில் கோளாறு முயலகனிடம். அவன் சாகவில்லை, பாம்பைப் பிடித்தபடி தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அறியாமை அழிவதில்லை, அடங்கித்தான் கிடக்கும். மலிவு வார்ப்பில் அவன் வெறும் உருண்டை, அபயக்கைப் பாம்பு வெறும் வளையல். காதையும் பாருங்கள்: வலக்காதில் குழை, இடக்காதில் தோடு. தோடு இடப்பாதியில் இருக்கும் அம்மைக்கு அடையாளம். இரண்டிலும் ஒரே நகை என்றால் அம்மை பாகம் போயிற்று.

சில பெட்டிகளில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும்: முன்னோர் அணுவை அன்றே அறிந்தார்கள், அதனால்தான் ஜெனீவாவின் செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தில் நடராஜர் நிற்கிறார் என்று. அங்கே சிலை நிற்பது உண்மை. 2004இல் இந்திய அரசு கொடுத்த 2 மீட்டர்ச் சிலை அது. அணுவை அறிந்ததற்கு அது சாட்சி ஆகாது. மறைத்தலையும் அருளின் வேலையாகவே கண்டு, இரண்டையும் ஒரே உடம்பின் இரு கால்களில் வைத்தார்களே, அந்த ஆழம் போதாதா?

சுவாமிமலை வார்ப்பு என்று சொல்லி விற்றால், அது உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி வார்ப்பாக இருக்க வேண்டும். வீட்டில் சோதிக்கலாம்: நிரம்பிய வாளியில் சிலையை மெல்ல முழுக்குங்கள். வழிந்த நீர் அரை லிட்டர் என்றால் எடை 4 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். மிகவும் குறைந்தால் உள்ளே மண்ணோ காற்றோ, அல்லது வேறு உலோகம். விலை உயர்ந்தாலும் எங்கள் ஓட்டு இதற்குத்தான். மெழுகில் விரல் விரலாகச் செதுக்கிய பிறகே வார்ப்பதால் முயலகனுக்கு முகம் இருக்கும்.

இங்குள்ள ஈரக்காற்றில் களிம்பு சீக்கிரம் ஏறும். பூச்சில்லாத பித்தளைக்குப் புளி போதும். தேய்த்துக் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும். லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சு பூசிய சிலைக்குப் புளி வேண்டாம். பூச்சு உரிந்த இடம் மட்டும் பளபளத்துச் சிலை தேமல் விழுந்தது போலாகும். தூக்கும்போது பீடத்தைப் பிடியுங்கள். திருவாசியைப் பிடித்தால் அடித்திருகு தளர்ந்து, முதலில் முறிவது ஓரத்துச் சுடர்கள்தான்.