பாரிமுனை சுழலும் சா (ரம்ப மெஷின்) ஸ்டாண்டு: பூட்டைப் பார்த்து வாங்குங்கள்

14 இன்ச் கட்டிங் மெஷினுக்கான சுழல்மேசை. அடியில் மேலிருந்து வரும் கனத்தைத் தாங்கிச் சுழலும் 51108 த்ரஸ்ட் பேரிங், தட்டு கனம். சின்ன ஷெட்டில் 20 அடி பைப்பை வாசல் வழியே நீட்டியபடியே வெட்டலாம். அதற்கே பாதிக் காசு தகும்.

கோளாறு, மேசையைத் திரும்பாமல் நிறுத்தும் பூட்டில்தான். 12 மி.மீ. பூட்டுப் பின்னுக்கு 12.5 மி.மீ.யில் துளை. மையத்திலிருந்து 10 செ.மீ.யில் அரை மி.மீ. ஆட்டம், மையத்திலிருந்து 30 செ.மீ.யில் உள்ள விளிம்பில் ஒன்றரை மி.மீ. ஆகிவிடும். நீளப் பைப்பின் கனம் மேசையை நடுவெட்டில் திருப்பினால் வெட்டும் வீல் நெரிபட்டு உடையும். விளிம்பில் எதிரெதிரே இரண்டு எம்10 போல்ட் போட்டு இறுக்குங்கள், பின்னை நம்பாதீர்கள்.

பேரிங்குக்கு மூடி இல்லை. பொறித்தூள் இறங்கும், உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிரீஸ் அப்பி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். ஒயர் முறுக்காமலிருக்க ஒரு ஸ்டாப்பரும் வேண்டும்.