சிற்றூரின் வெள்ள வரலாறு: மழைப் பதிவேடா, வெள்ளக் குறியா?

ஒரு சிற்றூரைத் தாக்கிய பேரிடர்களைத் தொகுக்க இரண்டு சான்றுகள் கைகொடுக்கும்: வானிலை நிலையத்தின் பதிவேடு, தண்ணீர் எட்டிய உயரத்தைக் காட்ட ஊர்ச் சுவரிலும் கல்லிலும் பொறித்த வெள்ளக் குறி.

பதிவேட்டில் தேதியும் மழையளவும் துல்லியமாக இருக்கும். ஆனால் மழைமானி பல நேரம் பக்கத்து நகரத்தில்தான் இருக்கும். இடிமழையோ சில கிலோமீட்டர் அகலத்தில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், அங்கே ஏட்டில் வெறும் தூறல். பதிவுகளின் வயதும் ஒரு சிக்கல். ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்புள்ள பெருவெள்ளம் 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீதமே வாய்ப்பு. ஆகவே 30 ஆண்டு ஏட்டில் அது இல்லையென்று நிம்மதி அடைய முடியாது.

குறி அந்த இடத்திலேயே நிற்கிறது. ஜப்பானின் அநெயோஷி சிற்றூரை 1896, 1933 ஆண்டுகளின் சுனாமிகள் அழித்தன. பிறகு மலைச்சரிவில் ஒரு கல் நட்டார்கள்: இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள். 2011-ல் வந்த சுனாமி அலை அந்தக் கல்லை எட்டாமல் கீழேயே நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகள் தப்பின. எந்த மழைமானியும் இவ்வளவு தெளிவாகப் பேசாது.

வறட்சிக்கும் வெப்ப அலைக்கும் குறி உதவாது, அங்கே ஏடுதான். வீடு எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு நான் முதலில் குறியைத்தான் பார்ப்பேன். சுவருக்கு வெள்ளையடிக்கும் முன் அதிலுள்ள குறியின் உயரத்தை அளந்து, படமெடுத்து வையுங்கள்.