புதுச்சேரியில் இரண்டு இரவு: வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் தங்கலாம்?

புதுச்சேரிக்குப் போகலாம் என்று முடிவானதும் வீட்டில் முதலில் வரும் பேச்சு, "பீச் பக்கத்துலயே ரூம் பாருங்க" என்பதுதான். நான் அப்படித் தேட மாட்டேன். இந்த ஊரில் அறை கடலுக்கு எவ்வளவு பக்கம் என்பதைவிட, ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்பதே முக்கியம். கிழக்கே, கடலை ஒட்டி ஒயிட் டவுன் என்ற பழைய பிரெஞ்சுப் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. இரண்டு பக்கமும் பழைய வீடுகளைப் புதுப்பித்து, பத்துப் பதினைந்து அறைகளோடு சின்ன ஹோட்டல்களாக நடத்துகிறார்கள். முன்பதிவுத் தளங்களில் எல்லாமே பூட்டிக் ஹோட்டல் என்று ஒரே வரிசையில் வரும். தங்கிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஊர்கள்.

இவற்றோடு போட்டிக்கு நிற்பவை இன்னும் இரண்டு உண்டு: அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள், ஊருக்கு வெளியே மணலை ஒட்டிய ரிசார்ட்டுகள். நான்கில் என் தேர்வு தமிழர் பகுதி வீடுதான். ஆனால் எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் கடல். புதுச்சேரி நகரக் கடற்கரை கருங்கல் கடற்கரை. 1980-களில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டியபிறகு, வடக்கு நோக்கி நகர்ந்துவந்த மணல் அங்கேயே தேங்கிவிட்டது. நகரத்து மணல் கரைந்துபோக, அலையைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். அண்மை ஆண்டுகளில் கடலுக்கடியில் தடுப்பு அமைத்ததில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. பார்க்க மகிழ்ச்சிதான். ஆனாலும் குழந்தைகளை இறக்கிவிட்டுக் குளிக்கவைக்கும் கடல் இல்லை அது. நடக்கும் கடல். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை. காந்தி சிலை, 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் என்று அந்த நேரத்தில் நடப்பதுதான் இந்த ஊரின் கடல் இன்பம். இதற்கு ஒயிட் டவுனிலிருந்து ஐந்து நிமிட நடை, தமிழர் பகுதியிலிருந்து கால் மணி நேரம். கடல் விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பத்து நிமிடம் மட்டுமே. ஒயிட் டவுனிலும் பெரும்பாலான சின்ன ஹோட்டல்கள் உள்தெருக்களில்தான் இருக்கின்றன. சன்னலைத் திறந்தால் தெரிவது எதிர்வீட்டுச் சுவர்.

படுக்கையிலிருந்தே கடலைப் பார்க்க ஆசையென்றால் ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸை மிஞ்ச ஆள் இல்லை. கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் இருக்கிறது. அறையை விட்டு பால்கனிக்கு வந்தால் கீழே தோட்டம், அதைத் தாண்டினால் கடல், நேர் எதிரே சூரியன் எழுகிறது. வாடகை பூட்டிக் ஹோட்டல்களைவிட வெகுவாகக் குறைவு. மது, புகை இரண்டும் கூடாது. இரவு பத்தரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். அறை எளிமையாக இருக்கும். இந்த ஒழுங்கு பிடிக்கிறவர்களுக்கு வேறு எந்த ஹோட்டலும் தேவையில்லை. பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாட்களை ஒட்டி அடியார்கள் வெகுமுன்பே பதிவு செய்துவிடுவார்கள்.

இனி, வீடு. சின்ன ஹோட்டலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும். உயரமான மதில், பெரிய வாயில், உள்ளே போனால் வளைவுத் தூண்களோடு நடையும் ஒரு தோட்டமும். கூரை அண்ணாந்து பார்க்கும் உயரம். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செருகிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ். நல்ல வெயிலிலும் உள்ளே இதமாக இருக்கும். தெருவின் சத்தம் மதிலோடு நின்றுவிடும். யாரும் தொந்தரவு செய்யாமல் இரண்டு நாள் புத்தகம் படித்துக் கிடக்க வேண்டுமென்றால் இதுதான் சரி. புஸ்ஸி வீதியிலுள்ள பலே தெ மாஹேயில் அறைகள் நீச்சல் குளத்தைச் சுற்றி மூன்று தளங்களாக எழும்புகின்றன. 18 அறைகள்தான் என்றாலும் கட்டடம் பழைய மாளிகை போன்ற தோற்றத்தோடு இருக்கும்.

தமிழ் வீடு தெருவோடு பேசும் வீடு. வாசலில் திண்ணை, அதற்கு மேல் தெருப்பக்கம் நீண்ட தாழ்வாரம், அப்புறம் கனத்த மரக்கதவு. ரேழியைத் தாண்டினால் முற்றம். அங்கே மரத்தூணில் கை வைத்தால் வழவழப்பு தெரியும். எத்தனையோ பேர் சாய்ந்து பேசிய உயரத்தில் மட்டும் பளபளப்பு கூடுதலாக இருக்கும். தரை வழவழவென்று குளிர்ந்திருக்கும். பல வீடுகளில் கீழ்த்தளம் அச்சு அசல் தமிழ் வீடு. மாடிக்குப் போனால் வளைவு சன்னலும் கைப்பிடிச் சுவரும் பிரெஞ்சுப் பாணி. இந்தக் கலவையை உலகில் வேறெங்கே பார்க்கப்போகிறோம்? பெருமாள் கோயில் வீதியின் மேசோன் பெருமாள் இந்த வகைக்கு நல்ல உதாரணம். பத்து அறைகள், முற்றத்தைச் சுற்றி வாழ்க்கை. வைசியாள் வீதியில் வரிசையாகப் பழைய வீடுகளின் முகப்பைச் சீரமைத்தார்கள். அந்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இந்தத் தெருக்களில் ஆட்கள் இன்னும் குடியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். காலையில் ஹோட்டல் வாசலில் கோலம் போடும்போது பக்கத்து வீட்டிலும் போடுகிறார்கள். ஒயிட் டவுனின் சில தெருக்களில் கடையும் காபி ஷாப்புமே மிஞ்சியிருப்பதைப் பார்க்கிறபோது, இங்கே தங்குவதும் இந்த வீடுகளுக்கு வருமானம் தருவதும் அவசியம் என்று தோன்றுகிறது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது வீட்டுக்காரர்களுக்கு எப்போதும் சுலபமான வழி. அறைகள் நிரம்பினால்தான் தூண்களும் நிற்கும்.

குறையும் உண்டு. முற்றம் அழகு என்றால் முற்றத்தில் பேசுவது எல்லா அறைக்கும் கேட்கும். பக்கத்து அறைக்காரர்கள் இரவு பதினொன்றுக்குச் சிரித்துப் பேசினால் உங்களுக்குத் தூக்கம் போச்சு. முற்றத்தைப் பார்த்த சில அறைகளில் வெளிச்சமும் கம்மி. மாடிப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் அநேகமாக இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தள அறை என்று உறுதியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வெளிச்சத்தத்தில் இரண்டு பக்கமும் சளைத்தவை அல்ல, நேரம்தான் வேறு. தமிழர் பகுதியில் விடியற்காலைக் கோயில் மணியும், மார்கழியானால் ஒலிபெருக்கியும் எழுப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் நடக்கும். அந்த வீதியை ஒட்டிய ஹோட்டலுக்கு அன்று கார் கொண்டுபோவது பெரும்பாடு. ஒயிட் டவுனில் சனி, ஞாயிறு என்றால் விடிந்ததிலிருந்து மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் போட்டோ எடுக்கும் கூட்டம், மாலையில் சென்னை, பெங்களூரு வண்டிகள், இரவில் மாடி உணவகங்களின் பாட்டு. ஒயிட் டவுனின் அமைதியை நம்பிப் போகிறவர்கள் திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள். அந்த நாட்களில் துய்மா வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் காலை நடை போவது பெரிய சுகம். வார இறுதி மட்டுமே வாய்க்கும் என்றால் தமிழர் பகுதி மேல்.

சாப்பாட்டுக்கு ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். பொதுவாக ஒரு பக்கம் குரோசானும் ஆம்லெட்டும், மறுபக்கம் இட்லியும் பொங்கலும். இரண்டும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

ரிசார்ட் யாருக்கு? மணலில் புரளவேண்டிய குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு. வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் செரினிட்டி கடற்கரை, தெற்கே சுண்ணாம்பாறு பக்கம். அங்கே நீச்சல் குளம், புல்வெளி, கார் நிறுத்த இடம் எல்லாம் தாராளம். ஆனால் ஊரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் வண்டி எடுக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் இருக்க வேண்டிய நேரம் ஆட்டோ பேரத்தில் போய்விடும். கடலும் அங்கே இழுப்பு உள்ள கடல், கரையோரத்தில் நிற்பதோடு சரி.

வாடகை பார்க்கும்போது 7,500 என்ற எண்ணை மனதில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875 ரூபாய் ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய். நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் கூடுதல். சின்ன ஹோட்டல்களின் வாடகை பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு அக்கம்பக்கத்திலேயே நிற்கும். வார நாளில் கோட்டுக்குக் கீழே இருந்த அதே அறை சனிக்கிழமை மேலே போய்விடும். தளத்தில் பார்த்த கையோடு ஹோட்டலுக்கு நேரடியாகப் போன் செய்து, வரியோடு எவ்வளவு, காலை உணவு சேர்த்தா என்று கேளுங்கள். பேசினால் இறங்கி வருகிறார்கள்.

நவம்பர், டிசம்பரில் போவதானால் ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. ஊரே வெள்ளத்தில் நின்றது. சின்ன மழையென்றால் கவலை இல்லை, முற்றத்தில் மழை விழுவதைப் பார்ப்பதற்கே தமிழர் பகுதி வீட்டில் தங்கலாம்.

கடைசியாக, சின்ன ஹோட்டலில் எந்த இரண்டு அறையும் ஒன்றுபோல் இருக்காது. விளம்பரப் படத்தில் இருப்பது பெரும்பாலும் ஆகச் சிறந்த அறை. ஆகவே உங்களுக்குத் தரப்போகும் அறை எண்ணைக் கேட்டு, அதன் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, எத்தனை படி ஏற வேண்டும், கார் எங்கே நிறுத்துவது: இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிற ஹோட்டலுக்கு முன்பணம் அனுப்பலாம்.