டேப் எக்கோ என்று நம்பி 23,500 ரூபாய் போயிற்று. வாங்கப்போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

டேப்பில் பதிந்து எதிரொலி தருகிற ஒரு பழைய பெட்டியை விற்ற இணையக் கடையிலிருந்து இன்று மதியம் ஒரு மெயில் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான். 23,500 ரூபாய்க்கு ஒரே ஒரு வரி. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், விடு" என்று நானே சும்மா இருந்துவிடுவேன், அடுத்த ஆள் அதே பெட்டியில் அதே மாதிரி ஏமாறுவார்.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருடமாக லீட் கிட்டார் வாசிக்கிறேன். பகலில் வேறு வேலை. எங்களை 60, 70களின் பாட்டுக்கென்றேதான் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்துக் கிட்டார் சத்தத்தில் பாதி கிட்டாரில் இல்லை, எக்கோவில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஷாடோஸ் குழுவில் கிட்டார் வாசித்த ஹாங்க் மார்வின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு சுரத்தைத் தட்டினால் பின்னாலேயே இரண்டு மூன்று எதிரொலி வரும். சம இடைவெளியில் வராது. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, குதிரை ஓடுகிற மாதிரி வரும். அவர் அப்போது வைத்திருந்தது மிலானில் செய்த மேயாட்ஸி எக்கோமாட்டிக் என்ற எக்கோ பெட்டி. ஒரு ஹெட் (ஒலியைப் பதியவும் படிக்கவும் உள்ள சிறு காந்த முனை) பதிவு செய்யும், அடுத்தடுத்து இருக்கும் ஹெட்கள் அதையே கொஞ்சம் கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்லும். ஹெட்டுக்கு ஹெட் இருக்கிற தூரம்தான் அந்தத் தாளம்.

லண்டனில் சார்லி வாட்கின்ஸ் 1958இல் கொண்டுவந்த காப்பிகேட் என்ற டேப் எக்கோவில், திருப்பிச் சொல்லும் பிளேபேக் ஹெட் மூன்று. 1974இல் வந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ ஆர்.இ-201இலும் மூன்று. நல்ல நிலையில் இருக்கிற எதுவும் என் வருமானத்துக்கு எட்டாது. காலால் அமுக்குகிற எக்கோ பெடல் வாங்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்கியும் பார்த்தேன். பக்கெட் பிரிகேட் சிப் (ஒலியைக் கைமாற்றிக் கைமாற்றித் தாமதிக்கும் சிப்) போட்ட அனலாக் பெடல்கள் உண்மையிலேயே இதமானவை. 1981இல் வந்த பாஸ் டிஎம்-2 300 மில்லி செகண்ட் வரை போகும், எதிரொலி ஒவ்வொன்றும் மங்கி மங்கி அழகாக அடங்கும். பழைய ராக்கபில்லி (50களின் அமெரிக்க ராக் இசை) மாதிரி, 100 மில்லி செகண்ட் வாக்கில் அறைந்தாற்போல் ஒரே ஒரு எதிரொலிதான் வேண்டும் என்றால் அந்த வகைப் பெடல் போதும். ஆனால் அந்தக் குதிரை ஓட்டம் ஒரே ஒரு தாமதம் தருகிற பெடலில் வராது. அதற்காகத்தான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கண்ணில் பட்டது. பயன்படுத்திய இசைக்கருவிகளை விற்றுக்கொடுக்கும் ஒரு இணையக் கடை. விற்பவர் பொருளைக் கடைக்கு அனுப்புவார், கடை அதைச் சோதித்து "சரிபார்க்கப்பட்டது" என்று பச்சை முத்திரை போட்டு நமக்கு அனுப்பும். அந்தச் சோதனைக்கான கட்டணமும் நாம் கட்டுகிற பணத்துக்குள்ளேயே இருக்கிறது. "டேப் எக்கோ, ஜப்பான், 70கள், 3 ஹெட், முழுதாக வேலை செய்கிறது" என்று போட்டிருந்தார்கள். விலை 25,000. கம்பெனிப் பெயர் இருந்த தகடு தேய்ந்து போயிருந்தது. அது எனக்கு உறுத்தவே இல்லை. அந்த வயதுப் பொருளுக்கு அது இயல்புதானே என்று நினைத்தேன்.

விற்பவர் வீடியோ காலில் வந்தார். முப்பது வயதிருக்கும். பெட்டியின் மூடிக்குப் பின்னால் டேப் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மைக்கில் "ஹலோ" என்றார், "லோ... லோ... லோ" என்று வந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவராகச் சொன்னார்: "அண்ணா, எங்கப்பா 77லேருந்து ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சவருண்ணா. அவர் போனதுக்கப்புறம் இதப் பாக்கும்போதெல்லாம் அம்மா அழுவுறாங்க. காசு பெருசில்லண்ணா, வாசிக்கிறவங்க கைக்குப் போனா போதும். உங்களுக்குன்னா ஆயிரத்தைந்நூறு குறைச்சிக்கிறேன்." பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றையும் காட்டினார். மேடையில் நாலைந்து பேர், ஓரத்தில் கிட்டாரோடு ஒருவர்.

எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த மாஸ்டரும் அந்தக் காலத்து ஆள்தான். அவருடைய கருவிகளை அவர் போன பிறகு வீட்டில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு கேள்விகூடக் கேட்க வாய் வரவில்லை. அப்பாவை இழந்த பையனிடம் "மூடியைத் திற, ஹெட்டைக் காட்டு" என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் பட்டது. மேலே பச்சை முத்திரை வேறு இருக்கிறது. அன்றைக்கே யு.பி.ஐ.யில் 23,500 ரூபாய் கட்டினேன். ஆறு மாதமாக ஒவ்வொரு ப்ரோக்ராமிலிருந்தும் எடுத்துவைத்த பணம்.

சனிக்கிழமை மாலை பார்சல் வந்தது. கிட்டாரைச் செருகியதும் எக்கோ வந்தது. அரை மணி நேரம் சந்தோஷமாகத்தான் வாசித்தேன். பிறகு ஏதோ இடித்தது. ஹெட்டைத் தேர்ந்தெடுக்க மூன்று பொத்தான்கள் இருந்தன. எதை அமுக்கினாலும் எதிரொலியின் இடைவெளி மாறவில்லை, சத்தம் மட்டும்தான் கூடிக் குறைந்தது. டேப் என்றால் சுருதியில் மிக லேசான ஒரு ஆட்டம் இருக்கும், அதுதான் அதன் உயிர். இதில் ஆட்டமே இல்லை. நேரத்தைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருப்பினால் எதிரொலி மங்கவில்லை, மணலை அரைத்த மாதிரி கரகரத்தது.

மூடியைத் தூக்கிவிட்டு ஓடுகிற டேப்பின் மேல் விரலை வைத்தேன். டேப் நின்றுவிட்டது.

எக்கோ நிற்கவில்லை.

ஒரு சுரத்தைத் தட்டினேன். டேப் என் விரலுக்கடியில் அசையாமல் இருக்கிறது, எதிரொலி தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. நாலைந்து தடவை தட்டிப் பார்த்தேன். டேப்பைக் கழற்றியே எடுத்துவிட்டேன். அப்போதும் வந்தது.

மறுநாள் காலை எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ரேடியோ மெக்கானிக் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அறுபத்தைந்து வயது மனிதர், டேப் ரெக்கார்டர் காலத்தில் தொழில் பழகியவர். அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தவர் சிறிது நேரம் பேசவில்லை. "தம்பி, ஹெட்டு மூணோட ஒயரையும் வெட்டி முடிஞ்சு விட்டுருக்கான். மோட்டாரு சும்மா சுத்துது. இந்தா, இதுதான் உன் எக்கோ" என்று ஓரத்தில் பசை வைத்து ஒட்டியிருந்த ஒரு சின்னப் போர்டைக் காட்டினார். உள்ளங்கை அகலம்கூட இல்லை. பதினாறு கால் சிப், மேலே பி.டி.2399 என்று எழுதியிருந்தது. கரோக்கே பெட்டிகளுக்கென்று வந்த டிஜிட்டல் எக்கோ சிப். மைக் செட்காரர்களுக்குத் தெரியும், சென்னை ரிச்சி தெருவில் அந்தப் போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சிப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. மலிவு விலைப் பெடல்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது, குறைந்த தாமதத்தில் கேட்க நன்றாகவே இருக்கும். செத்துப்போன ஒரு டேப் மெஷினுக்குள் அதை ஒளித்துவைத்து, மேலே டேப்பைச் சுற்றவிட்டு, 23,500 ரூபாய்க்கு விற்றானே, அதுதான் பொறுக்கவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். பணம் கட்டும்வரை "அண்ணா", இப்போது "சார்". "சார், நான் குடுக்கும்போது கரெக்டா இருந்துச்சு. கடைக்காரங்கதான் செக் பண்ணாங்க, அவங்ககிட்ட பேசுங்க." இரண்டாவது தடவை "வண்டியில போயிட்டிருக்கேன் சார்." மூன்றாவது தடவைக்குப் பிறகு என் எண்ணிலிருந்து அழைப்பு போகவே இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். திங்கள்கிழமை பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க சார்" என்றார். யாரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை வேறொருவர். நான் முழுக்கச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "சார், எக்கோ வருதா வரலையா?" வருகிறது, ஆனால் டேப்பிலிருந்து வரவில்லை என்றேன். "எக்கோ வருதுல்ல சார்? அப்ப பொருள் வேலை செய்யுது. எங்க டெஸ்ட்ல பாஸ்தான்." இதுதான் அவர்கள் பச்சை முத்திரைக்குச் செய்கிற சோதனை. மைக்கைச் செருகி "ஹலோ" சொல்லிப் பார்ப்பது. அதற்கு என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

புதன்கிழமை இன்னொரு காரணம். "நீங்க பெட்டியத் திறந்துட்டீங்க, திறந்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கேட்டேன். "அது பாலிசி சார்." அன்று இரவு அவர்கள் தளத்தில் அந்த விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன். "டேப் எக்கோ" என்று இருந்த தலைப்பு "டேப் ஸ்டைல் எக்கோ" என்று மாறியிருந்தது. விற்று முடித்த பொருளின் விளம்பரத்தைத் திருத்துகிறார்கள் என்றால், தெரியாமல் நடந்த தவறு என்று நான் எப்படி நம்புவது? நல்லவேளை, வாங்கிய அன்றே குழுவினருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தேன். அதைக் கடைக்கு அனுப்பினேன். அதற்குப் பதிலாகத்தான் இன்று மதியம் அந்த ஒரு வரி.

23,500 ரூபாய். என் மகளின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு தவணை இதைவிடக் குறைவு. வீட்டில் எவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

எந்த விலையில் எந்த எக்கோ வாங்கலாம் என்று விவரமாக எழுதுவதாக நண்பர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய டேப் எக்கோ என்றால் வீடியோவில் டேப்பை விரலால் நிறுத்தச் சொல்லுங்கள். எக்கோ நிற்க வேண்டும் அல்லது குழறி அழ வேண்டும். நிறுத்த மறுத்தால் வாங்காதீர்கள். ஹெட் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி மாற வேண்டும். பார்சலைப் பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. விளம்பரப் பக்கத்தை அன்றே படமெடுத்து வையுங்கள். ஜப்பான் உள்ளூர்ப் பொருள் என்றால் அது 100 வோல்ட், நம் 230இல் நேரே செருகினால் புகைதான். பலஹெட் எக்கோ கட்டாயம் வேண்டும், பணம் குறைவு என்றால், டேப் மெஷினின் பல ஹெட்டை டிஜிட்டலில் செய்து காட்டும் பெடலைக் கடையில் நேரில் வாசித்துப் பார்த்து, பில்லோடு புதிதாக வாங்குங்கள். நானும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டீர்களா? நுகர்வோர் உதவி எண் 1915. பணமோசடி என்றால் 1930, தாமதிக்காதீர்கள். 2020ஆம் வருட மின்வணிக விதிகளின்படி இணையக் கடை 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை.

நான் 1915இல் பதிவு செய்துவிட்டேன். மெக்கானிக் அண்ணன் வெட்டிய ஒயர்களைப் படமெடுத்து, தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் என்னிடம் காசு வாங்கவில்லை. பெட்டி அவர் கடை மேசையில் திறந்தபடியே இருக்கிறது. திங்கள்கிழமை ஆணையத்துக்கு மனு எழுதுகிறேன்.