கடைசிப் பந்து யார் கையில்? கரி, லெப்ரான், டுரான்ட்

2024 ஆகஸ்ட் 8, பாரிஸின் பெர்சி அரங்கு, ஒலிம்பிக் கூடைப்பந்து அரையிறுதி. நான்காவது, அதாவது கடைசி, குவார்ட்டர் தொடங்கும்போது அமெரிக்கா செர்பியாவைவிட 13 புள்ளி பின்தங்கியிருந்தது. நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து வெள்ளி வாங்கியதைப் பார்த்துவிட்டு, தூக்கம் வராமல் இந்த ஆட்டத்துக்கு மாறியவர்களில் நானும் ஒருவன். அமெரிக்க அணியில் ஸ்டீபன் கரி, லெப்ரான் ஜேம்ஸ், கெவின் டுரான்ட் மூவரும் இருந்தார்கள். தங்கள் தங்கள் அணியில் பதினைந்து, இருபது வருடமாக கடைசிப் பந்தை வாங்கிப் பழகியவர்கள். ஆட்டம் நெருங்க நெருங்க எனக்கு ஒரே கேள்விதான்: ஒரு புள்ளி பின்னால், பத்து நொடி பாக்கி என்று வந்தால் பந்து யாருக்கு?

அந்த நிலை வரவில்லை. அமெரிக்கா 95-91 என்று தப்பித்தது. ஆனால் கேள்வி தப்பிக்கவில்லை. அன்றிலிருந்து நண்பர்களோடு அடித்துக்கொண்டே இருக்கிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) கணக்கில் 'கிளட்ச்' என்றால் கடைசி ஐந்து நிமிடம், இரு அணிக்கும் இடையே ஐந்து புள்ளிக்குள் வித்தியாசம். அது ரொம்ப அகலமான சல்லடை. நான்கு நிமிடம் பாக்கி இருக்கையில் போடும் ஷாட்டும், மூன்று நொடி பாக்கி இருக்கையில் போடும் ஷாட்டும் ஒன்றாகாது. முன்னதில் ஓட்டம் உண்டு, எதிரணி ஒழுங்காகத் திரும்பி வராத நேரம் உண்டு. பின்னதில் ஐந்து பேரும் தயாராக நிற்பார்கள், யாருக்குப் பந்து போகும் என்றும் தெரிந்திருக்கும். அதனால்தான் கடைசி நொடி ஷாட்டின் சதவீதம் எல்லோருக்குமே மோசம். கோபி பிரையன்ட் கடைசி நொடியின் அரசன் என்று பேர் வாங்கியவர். ஆட்டத்தின் கடைசி 24 நொடியில், சமநிலையிலோ ஒரு கூடை பின்தங்கியோ இருக்கையில் அவர் போட்டவற்றை 2011-ல் எண்ணிப் பார்த்தபோது, விழுந்தது சுமார் 31 சதவீதம். லீக் சராசரியும் ஏறக்குறைய அதேதான். மூன்றில் ஒன்று விழுந்தாலே நாம் ஆளைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்கிறோம். விழாத இரண்டை யாரும் நினைவில் வைப்பதில்லை.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

டுரான்டின் கட்சி எளிது. உயரம் 211 செ.மீ., கை அதைவிட நீளம். பந்தைத் தலைக்கு மேலே தூக்கி விடும்போது எதிரில் நிற்பவர் கையை நீட்டினாலும் அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஸ்கிரீன் (சக வீரர் குறுக்கே நின்று காவலரை மறிப்பது) வேண்டாம், பாஸ் வேண்டாம், இரண்டு முறை தட்டிவிட்டு எழும்பினால் போதும். 2017 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், 45 நொடி பாக்கி இருக்கையில் ஓடிவந்த வேகத்திலேயே நின்று, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளி போட்டார். அவருடைய அன்றைய அணியான கோல்டன் ஸ்டேட் 114-113 என முந்தியது. காவலுக்கு நின்றவர் யார் தெரியுமா? லெப்ரான்.

சிக்கலும் அதே எளிமையில்தான் இருக்கிறது. டுரான்டிடம் பந்து போனால் மற்ற நால்வரும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். 2021-ல் மில்வாக்கிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் ஒரு நொடி பாக்கி இருக்கையில் அவர் போட்டது விழுந்தது. ஆனால் ஷூவின் நுனி கோட்டை மிதித்திருந்ததால் மூன்றுக்குப் பதில் இரண்டு. 109-109. கூடுதல் நேரம். அன்று அவர் 53 நிமிடமும் ஒரு நொடி உட்காராமல் ஆடி 48 புள்ளி எடுத்திருந்தார். கூடுதல் நேரத்தின் கடைசியில் அவர் விட்ட பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. கால் விரல் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தத் தொடாத பந்துதான் முக்கியம்: தனியாளாகவே எல்லாவற்றையும் தூக்கி வந்தவருக்குக் கடைசியில் காலில் தெம்பு இருக்காது. ஷாட்டுக்குத் தெம்பு காலிலிருந்துதான் வருகிறது.

லெப்ரானைப் பற்றி இரண்டு கதைகள், இரண்டும் 2007 மே மாதம், இரண்டும் டெட்ராய்டுக்கு எதிராக. தொடரின் முதல் ஆட்டத்தில் இரண்டு புள்ளி பின்தங்கி, கடைசி நொடிகளில் வளையத்தை நோக்கிப் பாய்ந்தவர், எதிரணி தன்மேல் குவிவதைப் பார்த்து மூலையில் தனியாக நின்ற டோனியல் மார்ஷலுக்குக் கொடுத்தார். மார்ஷல் தவறவிட்டார். அடுத்த நாள் அமெரிக்கா முழுக்க லெப்ரானுக்குத் திட்டு: பயந்துவிட்டான், நீயே போட்டிருக்க வேண்டாமா! அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், அணியின் கடைசி 30 புள்ளியில் 29-ஐ அவரே எடுத்தார். இரண்டு கூடுதல் நேரம் போன அந்த ஆட்டத்தை 109-107 என்று முடித்துவைத்த லேஅப்பும் (வளையத்தருகே பாய்ந்து போடும் ஷாட்) அவருடையதே. உடனே அதே வாய்கள் புகழ்ந்தன.

என் பார்வையில் முதல் ஆட்டத்தில் அவர் எடுத்த முடிவுதான் சரி. யாரும் காவலில்லாத மூலை மூன்றைவிட, இருவர் மேலே விழும் லேஅப் நல்லது என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார். மைக்கேல் ஜோர்டானே 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், 86-86 என்று இருந்தபோது இதைத்தான் செய்தார். இருவர் சூழ்ந்ததும் பந்தை ஸ்டீவ் கெர்ருக்குக் கொடுத்தார், கெர் போட்டார், சிகாகோ கோப்பை வாங்கியது. கெர் போட்டதால் அது ஜோர்டானின் மேதைமை ஆனது; மார்ஷல் விட்டதால் இது லெப்ரானின் கோழைத்தனம் ஆனது. அநியாயம்.

லெப்ரானின் உண்மையான குறை வேறு. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று தடுப்பில்லாமல் போடும் ஷாட். தொழில்வாழ்க்கைச் சராசரி சுமார் 73-74 சதவீதம். டுரான்டுக்கு சுமார் 88, கரிக்கு சுமார் 91. கடைசி நொடியில் லெப்ரானைத் தடுக்க முடியாவிட்டால் ஃபவுல் செய்து கோட்டுக்கு அனுப்பலாம் என்ற யோசனை எதிரணிக்கு வரும். மற்ற இருவரிடம் அது தற்கொலை.

இனி கரி. 188 செ.மீ., மூவரில் குள்ளம். டுரான்டைப் போல ஆள் தலைக்கு மேல் எழும்பிப் போட முடியாது, லெப்ரானைப் போல இடித்துத் தள்ளிக்கொண்டு போக முடியாது. 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடம் இதற்குச் சாட்சி. ஒரு பக்கம் லெப்ரானின் அணி வீரர் கைரி இர்விங், கரியின் முகத்துக்கு நேரே மூன்று புள்ளி போட்டார். மறுபக்கம் தன்னைவிட உயரமான, ஆனால் மெதுவான கெவின் லவ் எதிரில் நிற்க, கரி இடதும் வலதும் ஆடிப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை, போட்ட ஷாட் விழவில்லை. (அந்த வெற்றி லெப்ரானின் அணிக்குத்தான். ஆனால் அங்கேயும் கடைசி ஷாட் இர்விங்குடையது, லெப்ரானுடையது தடுப்பு. இதை அவருடைய ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.)

அப்படியென்றால் கரிக்கு என்ன பலம்? பந்து கையில் இல்லாதபோதும் அவரால் கேடு விளைவிக்க முடியும். அவர் ஒரு ஸ்கிரீனைச் சுற்றி ஓடினால் இரண்டு பேர் அவரோடு இழுபட்டுப் போவார்கள்; வளையத்தடியில் வழி திறந்துவிடும். இன்னொன்று, அவருடைய எல்லை கோட்டோடு முடிவதில்லை. 2016 பிப்ரவரி 27, ஓக்லஹோமா சிட்டியில் கூடுதல் நேரம், 118-118. டைம் அவுட் இருந்தும் பயிற்சியாளர் கேட்கவில்லை. கரி நடுக்கோட்டைத் தாண்டிச் சாவகாசமாக வந்து, 11 மீட்டருக்கும் மேல் தூரத்திலிருந்து போட்டார். 0.6 நொடி பாக்கி, 121-118. எதிரணி பெஞ்சில், ஃபவுல் வரம்பு நிரம்பி வெளியேற்றப்பட்டு உட்கார்ந்திருந்தவர் டுரான்ட். நான்கு மாதம் கழித்து அவர் கரியின் கோல்டன் ஸ்டேட்டுக்கே போய்ச் சேர்ந்தது தனிக் கதை. டைம் அவுட் கேட்காத பயிற்சியாளர்? 1997-ல் ஜோர்டானிடம் பாஸ் வாங்கிய அதே ஸ்டீவ் கெர். பாரிஸிலும் அவர்தான்.

ஒலிம்பிக்கில் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், என்பிஏவில் 7.24. 11 மீட்டரிலிருந்து போடுபவருக்கு இது முற்றத்துக்கும் வாசலுக்கும் உள்ள தூரம்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரே பெயரைச் சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் பதில் ஸ்கோர் போர்டில் இருக்கிறது. சமநிலை, 20 நொடி பாக்கி என்றால் பந்து லெப்ரானிடம் இருக்கட்டும். தவறினாலும் தோல்வி இல்லை, கூடுதல் நேரம்தான். அதனால் நேரத்தைக் கரைத்துவிட்டு, கடைசி ஐந்து நொடியில் பாய்ந்து, யார் காலியாக இருக்கிறார்களோ அவர்களுக்குக் கொடுக்கும் ஆள் வேண்டும். ஒரு புள்ளி பின்னால் என்றால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. தவறினால் ரீபவுண்டுக்கும் (விழாத பந்தைப் பிடிப்பது) இன்னொரு முயற்சிக்கும் நான்கைந்து நொடி மிச்சம் வைக்க வேண்டும். அப்போதும் லெப்ரான் தொடங்கி, கரி ஸ்கிரீன் போட்டுவிட்டு வெளியே நழுவுவதுதான் என் தேர்வு. இருவரில் யாரை விடுவது என்று எதிரணி தலையைச் சொறியட்டும்.

பக்கக் கோட்டிலிருந்து பந்து உள்ளே வர வேண்டும், பாக்கி இருப்பது இரண்டு மூன்று நொடி. இங்கே டுரான்ட்தான், வாதமே இல்லை. ஸ்கிரீன் சுற்றிவர நேரமில்லை, பாஸ் தேடவும் நேரமில்லை. வாங்கி, திரும்பி, எழும்பிப் போட வேண்டும்.

இரண்டு புள்ளி பின்னால் என்றால்தான் சுவாரசியம். பாதிக்குப் பாதி விழும் என்று நம்பி இரண்டுக்குப் போனால் கிடைப்பது சமநிலை. கூடுதல் நேரத்தில் ஜெயிக்கவும் பாதி வாய்ப்பு. ஆக மொத்தம் நான்கில் ஒன்று. 35 சதவீதம் விழக்கூடிய மூன்று இருந்தால் அதுவே மேல், அங்கேயே ஆட்டம் முடிந்துவிடும். அதைப் போட இந்த பூமியில் கரியைவிடப் பொருத்தமானவர் கிடையாது. மூன்று புள்ளி பின்னால் என்றாலும் அவரே.

இதெல்லாம் மூன்று நட்சத்திரங்களும் ஒப்புக்கொண்டால் மட்டும். 1994 பிளே ஆஃபில் நியூயார்க்குக்கு எதிராக 1.8 நொடி பாக்கி இருந்தபோது, சிகாகோ பயிற்சியாளர் பில் ஜாக்சன் கடைசி ஷாட்டை டோனி குக்கோச்சுக்கு வரைந்தார். அணியின் முதல் நட்சத்திரமான ஸ்காட்டி பிப்பன் கோபித்துக்கொண்டு களத்துக்கே வர மறுத்தார். குக்கோச் போட்டார், 104-102. திட்டம் சரி, ஆனால் வீட்டுக்குள் விரிசல். பாரிஸில் 39 வயது லெப்ரானுக்கோ, நான்காவது தங்கத்துக்கு வந்த டுரான்டுக்கோ அந்தப் பிடிவாதம் இல்லை. செர்பியாவுக்கு எதிராக லெப்ரான் 16 புள்ளி, 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்) என்று பந்தைப் பரிமாறிக்கொண்டிருக்க, கரி 36 எடுத்தார், அதில் ஒன்பது மூன்றுகள். 87-86 என்று அணியை முந்தவைத்த ஷாட்டும் அவருடையதே.

இரண்டு நாள் கழித்து, பிரான்ஸுக்கு எதிரான இறுதிப் போட்டி. மூன்றே புள்ளி வித்தியாசத்துக்குப் பிரான்ஸ் வந்துவிட்டது, மூன்று நிமிடம் பாக்கி. கரி நான்கு மூன்றுகளை அடுத்தடுத்துப் போட்டார். நான்காவதைப் போடும்போது சுமார் 35 நொடி பாக்கி, அமெரிக்கா ஆறு புள்ளி முன்னால். நேரத்தைக் கரைத்தாலே போதும். எதிரே இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அவரோ கோட்டுக்குப் பின்னால் தள்ளி நிற்கிறார். நான் மேலே எழுதிய எந்தக் கணக்கின்படியும் அது மோசமான ஷாட். 'வேண்டாம்' என்று டிவியைப் பார்த்துக் கத்தி முடிப்பதற்குள் வலை அசைந்தது.